பொற்கிண்ணத்தில் வார்த்த பால்

சீகாழித் திருக்குளத்தின் கரையில் மூன்று வயதுக் குழந்தை தனியே நின்றது. தகப்பனார் சிவபாத இருதயர் நீருக்குள் மூழ்கி ஜபம் செய்துகொண்டிருந்தார். தந்தையைக் காணாத குழந்தை தோணிபுரக் கோபுரத்தைப் பார்த்து அம்மையையும் அப்பனையும் கூவி அழுதது. இருவரும் விடைமீது எழுந்தருளினார்கள். இறைவன் சொற்படி உமாதேவியார் தம் திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் வார்த்து, அதில் சிவஞானத்தைக் குழைத்து, குழந்தையின் கண்ணீரைத் துடைத்து ஊட்டினார். அழுத பிள்ளை ஞானசம்பந்தர் ஆனார். ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் சீகாழியில் நடைபெறும் திருமுலைப்பால் உற்சவம் இதன் நினைவாகவே.

இந்த வரலாற்றைக் கேட்டு வளராத சைவக் குடும்பம் இல்லை. ஆயினும் இதில் ஒரு சிறு விவரத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அம்மை குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பால் கொடுத்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடவில்லை. பாலைக் கிண்ணத்தில் ஏந்தி ஊட்டியதாகவே பாடியிருக்கிறார். தாயின் பாலைப் பாத்திரத்தில் எடுத்துப் பிள்ளைக்குப் புகட்டுவது நம்மவர்களுக்கு நேற்று வந்த வழக்கம் அன்று. சங்கும் பாலாடையும் இல்லாத வீடு ஒரு காலத்தில் இருந்ததில்லை. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டும் முறையை நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் இன்றும் கையாளுகின்றன.

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் தாய்மார்களுக்கும் இன்று அந்தக் கிண்ணம்தான் துணை. பிரசவமான சில வாரங்களிலேயே குழந்தையை வீட்டிலோ காப்பகத்திலோ விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பகலெல்லாம் சுரக்கும் பாலைக் காரியாலயத்தில் எடுத்து, குளிர்ச்சியில் வைத்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் மறுநாள் குழந்தைக்குப் பால் உண்டு. அதற்கு வேண்டியவை இரண்டே: கொஞ்சம் நேரம்; தாழ்ப்பாள் உள்ள ஓர் இடம். இவ்விரண்டும் கிடைக்காமல் எத்தனையோ தாய்மார்களுக்குப் பால் வற்றியிருக்கிறது. பழியோ தாயின் உடம்பின்மேல் விழுந்திருக்கிறது: ‘அவளுக்குப் பால் போதவில்லை.’

முதல் குழந்தை

டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கும் ஒரு தாயின் அனுபவம் இதை நன்றாக விளக்கும். அவர் ஒரு தனியார் ஸ்தாபனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர். 2019 பிப்ரவரியில் முதல் பெண் குழந்தை பிறந்தது. கும்பகோணத்திலிருந்து தாயார் வந்து, பத்தியச் சமையல் செய்து, பூண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்து, பேத்தியைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டித் தாங்கினார். பால் தாராளமாகவே சுரந்தது. 1993-ஆம் வருஷத்துக் குடும்ப லீவுச் சட்டம் அளிக்கும் 12 வாரம், அதுவும் சம்பளமில்லாத 12 வாரம், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மே மாதம் குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

காரியாலயத்தில் எல்லா அறைகளுக்கும் கண்ணாடிச் சுவர். பால் எடுக்க எங்கே போவது என்று கேட்டார். நிர்வாகத்திலிருந்த பெண்மணி நல்ல மனத்தோடுதான், ‘பாத்ரூம் இருக்கிறதே’ என்றார். அங்கே மின்சாரப் பிளக் கை கழுவும் இடத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே கையால் இயக்கும் பம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் உட்கார்ந்தார். கதவின் அடியில் காத்திருப்பவர்களின் செருப்புகள் தெரியும். சில நாட்கள் காருக்குப் போய், முன்கண்ணாடியில் துப்பட்டாவைத் தொங்கவிட்டு, ஜூன் மாத வெயிலில் வியர்த்துக்கொண்டே எடுத்தார். உண்ணும் பண்டத்தைக் கழிவறையில் வைத்துத் தயாரிக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள். குழந்தையின் உணவு மட்டும் விதிவிலக்காகிவிட்டது.

முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் கிடைத்தது. கூட்டங்கள் பெருகப் பெருக மூன்று வேளை இரண்டாயிற்று. இரண்டு வேளை ஒன்றாயிற்று. ஜூலையில் மார்பில் பால் கட்டிக்கொண்டு, சிவந்து வீங்கி, 102 டிகிரி ஜுரம் வந்தது. டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். ஆகஸ்டு தொடக்கத்தில் நாள் முழுவதற்கும் 2 அவுன்ஸ். பிறகு அதுவும் நின்றது. குழந்தைக்கு அப்போது ஆறு மாதம் நிறையவில்லை.

உறவினர்கள் போனில் ஆறுதல் சொன்னார்கள். ‘சில பேருக்கு உடம்பு வாகு அப்படித்தான்’ என்றார்கள். புட்டிப்பால் குடித்த குழந்தை ஒரு குறையுமின்றி வளர்ந்தாள். ஆனால் தம் உடம்பில்தான் குறை என்று அந்தத் தாய் நம்பினார். ஐந்து வருஷம் நம்பினார். பேச்சு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

கன்றை நினைத்த எருமை

உண்மையில் நடந்தது என்ன? பால் என்பது குடத்தில் நிரப்பி வைத்த தண்ணீர் அன்று. ஊற்றுக் கிணறு போன்றது. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை குடிக்கும்போதோ பம்பு இழுக்கும்போதோ தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ரசம் வெளிப்படுகிறது. பாலை உண்டாக்குவது அது. ஆக்ஸிடோஸின் என்னும் மற்றொரு ரசம், உண்டான பாலைக் காம்புக்குத் தள்ளிவிடுகிறது. எடுக்கப்படாத பால் மார்பிலேயே தேங்கினால், ‘இவ்வளவு தேவையில்லை’ என்று உடம்பு தெரிந்துகொண்டு உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. தேக்கம் தொடர்ந்தால் வீக்கமும் ஜுரமும் வருகின்றன.

இரண்டாவது ரசம் மனத்தோடு சம்பந்தப்பட்டது. குழந்தையின் அழுகுரலைக் கேட்டாலே, சில சமயம் படத்தைப் பார்த்தாலே, பால் இறங்கும். திருப்பாவையின் பன்னிரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் இதைக் காட்டுகிறார். அங்கே எருமை தன் கன்றை நினைத்த மாத்திரத்தில், கறப்பவர் யாருமின்றியே மடி சொரிந்து வீடெல்லாம் சேறாகிவிடுகிறது. மார்கழியில் பாடி மகிழும் அந்தப் பாட்டுக்கும் இன்றைய வைத்திய சாஸ்திரத்துக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமையே இல்லை.

நினைவு பாலை இறக்குவதுபோல் பயமும் பதற்றமும் அதைத் தடுத்துவிடும். கதவுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பால் எப்படி இறங்கும்? டெக்ஸாஸ் தாய்க்குப் பால் இல்லாமல் போகவில்லை. பாலை எடுக்க நேரமும் இடமும் இல்லாமல் போயின. உடம்புக் காரணத்தால் பால் குறையும் தாய்மார்களும் உண்டு. அவர்களையும் பழிப்பதற்கில்லை, டாக்டரின் யோசனையே அவர்களுக்கு வேண்டியது. ஆனால் நன்றாகச் சுரந்த பால், வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் குறைந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்க முடிகிறது?’ என்பதே.

கணக்கும் கடினமானதல்ல. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குழந்தை சராசரியாக நாளொன்றுக்கு 25 அவுன்ஸ், அதாவது முக்கால் லிட்டர் அளவு, பால் குடிக்கும். தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று முதல் ஒன்றரை அவுன்ஸ் வைத்துக்கொள்ளலாம். போக வரப் பிரயாணத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம் என்றால் 10 முதல் 15 அவுன்ஸ். மூன்று மணிக்கு ஒரு தடவை, தடவைக்கு 15 அல்லது 20 நிமிஷம், கழுவி எடுத்துவைக்கச் சில நிமிஷங்கள். இவ்வளவே தேவை.

வாஷிங்டனில் பிறந்த விதி

வேலை செய்யும் தாய்க்குப் பால் கொடுக்க நேரம் தர வேண்டும் என்ற விதி நூறு வருஷங்களுக்கு முந்தியது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதல் மாநாடு 1919-ல் கூடியபோது பிரசவப் பாதுகாப்பு பற்றி ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் தினம் இரண்டு தடவை, அரை அரை மணி ஒதுக்க வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அம்மாநாடு கூடிய ஊர் வாஷிங்டன்! ஆனால் அந்த ஒப்பந்தத்தை அமெரிக்கா ஏற்கவே இல்லை. இந்தியாவின் 1961-ஆம் வருஷத்துப் பிரசவ நலச் சட்டம், குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை என்று வகுத்தது. 2017-ல் செய்த திருத்தம் சம்பளத்தோடு கூடிய லீவை 26 வாரமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2015-ல் அரசு பேருந்து நிலையங்களிலேயே தாய்மார்கள் பாலூட்டுவதற்குத் தனி அறைகள் திறந்தது.

அமெரிக்கா விழித்துக்கொண்டது 2010 மார்ச்சில். அவ்வருஷத்து மருத்துவ இன்ஷூரன்ஸ் சீர்திருத்தத்தோடு ஒரு சிறு பிரிவு சேர்ந்தது. குழந்தை பிறந்து ஒரு வருஷம் வரை, தாய்க்குப் பால் எடுக்க வேண்டியபோதெல்லாம் நியாயமான நேரம் தர வேண்டும். பாத்ரூம் அல்லாத, பிறர் கண்ணில் படாத, பிறர் நுழையாத ஓர் இடம் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது பெரும்பாலும் மணிக்கணக்கில் கூலியும் ஓவர்டைமும் பெறுபவர்களுக்கே பொருந்திற்று. மாதச் சம்பளம் வாங்கும் என்ஜினீயர்கள், பள்ளி ஆசிரியைகள் போன்ற பலர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். நம்மவரில் உத்தியோகம் பார்க்கும் பெண்கள் பெரும்பாலும் இந்த வகுப்பினர் என்பது யோசிக்கத்தக்கது. 2019-ல் டெக்ஸாஸ் தாய்க்கு நேர்ந்ததைக் கேட்க மத்திய சட்டம் இடம் கொடுக்கவில்லை. தனியார் ஸ்தாபனங்களைக் கட்டாயப்படுத்தும் மாநிலச் சட்டமும் அங்கே இல்லை.

அந்த ஓட்டை 2022 டிசம்பர் 29-ஆம் தேதி அடைபட்டது. அன்று கையெழுத்தான ‘பம்ப் சட்டம்’ ஆசிரியைகள், நர்சுகள், கம்ப்யூட்டர் துறையினர், பண்ணைத் தொழிலாளிகள் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தது. விமானச் சிப்பந்திகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 50 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளி, இதனால் தொழிலுக்குப் பெரும் கஷ்டம் என்று நிரூபித்தாலன்றித் தப்ப முடியாது. ‘நாங்கள் சிறிய கம்பெனி’ என்று சொன்னால் மட்டும் போதாது. ஓட்டல், மளிகைக்கடை, கம்ப்யூட்டர் கன்ஸல்டன்ஸி நடத்தும் நம்மவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னும் சில விவரங்கள். பால் எடுக்கும் நேரத்துக்காக மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது. மணிக்கூலிக்காரர் வேலையிலிருந்து முழுதும் விடுபட்டிருக்கும் நேரத்துக்குக் கூலி தரவேண்டியதில்லை. ஆனால் பால் எடுத்துக்கொண்டே வேலையும் பார்த்தால் கூலி உண்டு. நியூயார்க் போன்ற மாநிலங்கள் இன்னும் தாராளம்: அங்கே 2024 ஜூன் 19 முதல் தடவைக்கு 30 நிமிஷம் சம்பளத்தோடு, குழந்தைக்கு மூன்று வயது வரை. ஒதுக்கும் இடத்தில் காமிரா இருக்கக்கூடாது. வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கும் இதே உரிமை. சரியான இடம் தராவிட்டால் முதலாளிக்கு அறிவித்து, பெரும்பாலும் 10 நாள் அவகாசம் கொடுத்த பிறகு வழக்குத் தொடரலாம். கேட்டதற்காகத் தண்டிக்கவோ வேலையிலிருந்து விலக்கவோ கூடாது. எச்-1பி விஸாவில் இருப்பவர்கள் அநேகர் ‘எதற்கு வம்பு’ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இந்தச் சட்டம் விஸாவைப் பார்ப்பதில்லை. தொழில் இலாகாவின் 1-866-487-9243 என்ற எண்ணில் யாரும் விசாரிக்கலாம்.

பம்பை விலை கொடுத்து வாங்கவும் பெரும்பாலோருக்கு அவசியமில்லை. 2010 சீர்திருத்தத்தின்படி அநேக இன்ஷூரன்ஸ் திட்டங்கள் ஒரு பம்பைத் தாய்க்கு இலவசமாகவே தர வேண்டும். பிரசவத்துக்கு முன்பே விசாரித்து வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குழந்தை

டெக்ஸாஸ் தாய்க்கு 2024 மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பாலூட்டுதல் பற்றி யோசனை சொல்லும் நர்ஸ் முதல் குழந்தையின் கதையை முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, ‘உன் உடம்பு சரியாகத்தான் இருந்தது. உன் ஆபீஸ்தான் சரியாக இல்லை’ என்றார். ஐந்து வருஷம் தலைகுனிந்திருந்தவர் அன்று படுக்கையில் உட்கார்ந்து அழுதார்.

இந்தத் தடவை லீவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். திரும்பும் தேதி, தினம் மூன்று வேளை, வேளைக்கு அரை மணி, தாழ்ப்பாளுள்ள அறை, நாற்காலி, சிறு மேஜை, மின்சாரப் பிளக். சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. சட்டத்தின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டார். பதிலாக ஒரு சாமான் அறையைக் காட்டினார்கள். மூலையில் திருட்டுக்குக் காவலாகக் காமிரா! சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்று மரியாதையாக எழுதினார். ஒரு வாரத்தில் சிறு கண்ணாடி அறை ஒன்றுக்குப் பால்நிறத் தாள் ஒட்டி உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்கள். செலவு சொற்பம். ஐந்து வருஷத்துக்கு முன்பும் அதே சொற்பச் செலவில் அது முடிந்திருக்கும்.

சிக்கல் வேறொரு இடத்தில் வந்தது. அவருடைய மேலதிகாரி தமிழர், வயதில் மூத்தவர், கோயில் காரியங்களில் முன்னிற்பவர். அவர் தினம் காலை 11 மணிக்குக் கூட்டம் வைப்பது வழக்கம். பால் எடுக்க வேண்டிய நேரமும் அதுவே. வெள்ளைக்கார அதிகாரியாக இருந்தால் சட்டென்று சொல்லியிருக்கலாம். அண்ணா, அண்ணி என்று வீட்டுக்கு வந்துபோகும் மனிதரிடம் ‘பால்’ என்ற சொல் நாக்கில் வரவில்லை. காலண்டரில் ‘அபாயின்ட்மென்ட்’ என்று மட்டும் குறித்துவைத்தார். மூன்றாம் நாள் அவர் கேட்டுவிட்டார்:

“தினம் பதினொரு மணிக்கு அப்படி என்னம்மா அபாயின்ட்மென்ட்?”

“குழந்தைக்குப் பால் எடுக்கணும், அண்ணா.”

சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு, “முன்னாலேயே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை கூட்டம் 11.45-க்கு மாறியதாக எல்லோருக்கும் தகவல் வந்தது. இரவு அவருடைய மனைவி போன் செய்தார். 2003-ல் தம் மகன் பிறந்தபோது தாமும் காரில் உட்கார்ந்து எடுத்ததையும், இரண்டே மாதத்தில் நின்றுபோனதையும் சொன்னார். “உங்க அண்ணாகிட்டே அதை நான் இன்னிக்குத்தான் சொன்னேன்” என்றார். இருபத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லப்படாத செய்தி அது. கூச்சத்தின் விலை இப்படித்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை, தெரியாதவர்கள், அவ்வளவே.

பாட்டியின் சந்தேகம்

வீட்டிலும் ஒரு தடை இருந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியார், ஃப்ரிஜ்ஜில் வரிசையாக நின்ற புட்டிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஐஸ் பெட்டியிலே வச்ச பாலைப் பச்சைக் குழந்தைக்குக் குடுக்கலாமா? சளி பிடிக்காதா?”

“டாக்டரே சொன்னார், அத்தை. வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுக்கலாம்.”

மாமியாருக்குச் சமாதானமாகவில்லை. மேலே ஆடை தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டதென்று ஒரு புட்டியைக் கொட்டியும்விட்டார். மாலையில் மருமகள் கொட்டிய புட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்து நின்றார். அந்த மௌனம்தான் மாமியாரை அசைத்தது. இரவு அவரே பேச ஆரம்பித்தார். நாற்பது வருஷத்துக்கு முன் அவர் தாலுகா ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. மத்தியான மணி அடித்ததும் அவருடைய தாயார் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வருவார். மழை நாட்களில் வர முடியாது. பால் கட்டிக்கொண்டு, வலி தாங்காமல், ரவிக்கை நனைந்து, பள்ளிக்கூடத்துக் கொல்லைச் சுவரோரம் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவாராம். “அங்கே குழந்தை பசியிலே அழும். இங்கே நான் மண்ணிலே கொட்டிட்டு நிப்பேன். எடுத்து வைக்கலாம்னு அப்போ யாருக்குத் தெரியும்?” என்றார்.

மறுநாள் முதல் புட்டிகளின் பொறுப்பு அவருடையது. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டித் தமிழ்த் தேதி எழுதினார்: ‘ஆனி 5 காலை’, ‘ஆனி 5 மாலை’. காப்பகத்துக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தபோது இங்கிலீஷ் தேதியும் சேர்ந்தது.

வீட்டார் கவனத்துக்கு

நிறைமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாயிருக்கும் குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கூறும் அளவுகள் இவை. சமையலறையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

1. புதிதாக எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில், 77 டிகிரி வரை, 4 மணி நேரம் இருக்கும்.

2. ஐஸ் பொட்டலங்கள் வைத்த பையில் 24 மணி நேரம். ஆபீஸ் ஃப்ரிஜ்ஜில் மற்றவர்களின் மாமிச உணவோடு வைக்க மனமில்லாதவர்களுக்கு இந்தப் பையே போதும்.

3. ஃப்ரிஜ்ஜில் 4 நாள். கதவுப் பக்கம் வேண்டாம். உள்ளே தள்ளி வைக்கவும்.

4. உறைய வைத்தால் 6 மாதத்துக்குள் உபயோகிப்பது சிறந்தது. 12 மாதம் வரை பாதகமில்லை.

5. ஃப்ரிஜ்ஜில் வைத்து உருக்கிய பாலை, முழுதும் உருகிய பின் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக்கூடாது.

6. குழந்தை வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது.

7. மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கக்கூடாது. ஓரிடத்தில் கொதித்து வாயைச் சுட்டுவிடும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும்.

8. ஆடை பிரிந்து நின்றால் பால் கெட்டுவிடவில்லை. புட்டியை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

9. பம்பின் பாகங்களைப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் போடாமல் தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரால் கழுவிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

இவற்றில் பால் எடுப்பது ஒன்றே தாயால் மட்டும் ஆகக்கூடியது. கழுவுவது, உலர்த்துவது, தேதி ஒட்டுவது, சூடு பண்ணிப் புகட்டுவது எல்லாம் கணவரும் தாத்தாவும் செய்யக்கூடியவையே. வேலையிலிருந்து களைத்து வரும் தாய் இரவு பத்து மணிக்கு நின்று புட்டி கழுவும் வீட்டில் பால் நீடிப்பது கடினம்.

கோயிலிலும் ஓர் அறை

உலக சுகாதார ஸ்தாபனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரை அல்லது அதற்கு மேலும் என்று சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2022-ல் இரண்டு வயதுக் கணக்கை ஆதரித்தது. டெக்ஸாஸ் தாய் தம் மகனுக்கு ஒரு வருஷம் முடியும்வரை காரியாலயத்தில் பால் எடுத்தார். 2025 மார்ச்சில் ஆண்டு நிறைவு ஹோமம் முடிந்த அன்று பம்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். காலை மாலை பாலூட்டுவது அதன் பின்னும் தொடர்ந்தது.

அவர் செய்தது பெரிய போராட்டம் ஒன்றும் அன்று. ஒரு கடிதம், ஒரு வாக்கியம், ஒரு கதவு. கர்ப்பமாயிருக்கும் பெண் உள்ள வீடுகளில் சீமந்தத்துக்கு வளையல் வாங்கும்போதே இந்தச் சட்டத்தையும் அவள் காதில் போட்டுவைக்கலாம். தம் கீழ் வேலை செய்பவர்கள் உள்ள பெரியவர்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், ‘உனக்கு நேரமும் இடமும் உண்டு’ என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. சிவராத்திரி, நவராத்திரி நாட்களில் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் பாலூட்டவோ பால் எடுக்கவோ இடமின்றிக் காருக்குத் திரும்பிப் போவதை எந்தக் கோயிலிலும் காணலாம். செருப்பு வைக்க இடம் உண்டு. பிரசாதத் தட்டு அடுக்க அறை உண்டு. ஒரு நாற்காலியும் ஒரு பிளக்கும் உள்தாழ்ப்பாளும் உள்ள சிறு அறையை ஒதுக்குவது எந்த நிர்வாகக் கமிட்டிக்கும் முடியாத காரியம் அன்று. தாயின் பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திய அம்மையின் சந்நிதி உள்ள இடத்தில், பாலூட்டும் தாய் கார் நிறுத்துமிடத்தில் ஒளிந்துகொள்ள வேண்டாம்.